சி.வி. வேலுப்பிள்ளையும் மலையகத்தின் வீட்டுக் கேள்வியும்

இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்தில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக அமர்ந்திருந்தவர் ஒரு கவிஞர். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி வட்டகொடைக்கு அருகேயுள்ள மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1984ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி மறைந்த சி.வி. வேலுப்பிள்ளையே அவர். மலையக இலக்கியத்தின் முன்னோடி என அவரை நாம் போற்றுகின்றோம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் அறிமுகமாகியிருக்கிறது. விழா மேடைகளில் அவரது படத்திற்கு மாலை சூட்டப்படுகிறது. எனினும் தமது எழுத்தில் அவர் மீண்டும் மீண்டும் எழுப்பிய ஒரு கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் கூரை யாருக்குச் சொந்தம் என்பதே அக்கேள்வியாகும். அவருடைய வாழ்க்கையை அக்கேள்வியின் வெளிச்சத்தில் நோக்குவது இக்காலத்திற்குப் பொருத்தமானது எனக் கருதுகின்றோம்.

சி.வி. பிறந்தபோது மலைநாட்டில் லயன் என்ற குடியிருப்பு முறை ஏற்கெனவே பழமையடைந்திருந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த தொழிலாளருக்கு மண்சுவரும் புற்கூரையுமான கொட்டில்களே கிடைத்தன. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். ஆகவே நிரந்தர இருப்பிடம் குறித்துத் தோட்ட முதலாளிமார் கவலைப்பட்டதில்லை. 1869ஆம் ஆண்டு தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். அதற்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் உள்ளிட்ட குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்க வேண்டும். இத்தேவையின் பொருட்டே கருங்கற் சுவரும் தகரக் கூரையும் கொண்ட நீண்ட லயங்கள் மலைச்சரிவுகளில் எழுந்தன.

ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. காம்பராவின் அளவு பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் படுக்கையும் பிரசவமும் மரண வீடும் அந்த 120 சதுர அடிக்குள்ளேயே நடந்தேற வேண்டும். ஒரு பக்கச் சுவர் அயல் குடும்பத்துக்கும் பொதுவானது. சில லயங்களில் பின்சுவரும் பொதுவானது. அவ்வாறான இரட்டை லயங்களில் காற்றும் வெளிச்சமும் வாசல் வழியாக மட்டுமே உட்புகும். தண்ணீருக்கு ஒரு பீலி. மலசலகூடம் பல குடும்பங்களுக்குப் பொதுவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளரின் சுகாதாரம் தொடர்பாகக் காலனித்துவ அரசாங்கம் சட்டங்களை இயற்றியது உண்மையே. அவை தொற்றுநோயைத் தடுப்பதற்கும் தொழிலாளர் படையைப் பேணுவதற்கும் உதவின. குடியிருப்பவருக்கு அவ்விடத்தின் மீது எவ்வித உரிமையையும் அவை வழங்கவில்லை.

சி.வி. வளர்ந்தது பெரிய கங்காணி குடும்பமொன்றில் ஆகும். தோட்டத்துப் படிநிலையில் துரையின் பங்களா உச்சியிலும் லயம் அடியிலும் இருக்க, கங்காணியின் வீடு இடையில் நின்றது. அந்த இடைநிலை அவருக்குக் கல்வியைத் தந்தது. ஹட்டனிலும் பின்னர் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் அவர் பயின்றார். ஆங்கிலத்தில் எழுதும் ஆற்றல் கைவந்தது. 1934ஆம் ஆண்டு மகாகவி தாகூர் இலங்கைக்கு வந்திருந்தபோது இளைஞரான சி.வி. அவரைச் சந்தித்துத் தமது நாடக நூலைக் கையளித்தார் என்பது அவரது வாழ்க்கை வரலாற்றில் தவறாது குறிப்பிடப்படும் நிகழ்வாகும். இவ்வளவு வாய்ப்புப் பெற்ற ஒருவர் தோட்டத்தை மறந்து கொழும்பிலேயே தமக்கொரு வாழ்வைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவரோ தாம் சிறுவயதிற் கண்ட லயத்து மனிதரையே தமது எழுத்தின் பொருளாக்கிக் கொண்டார்.

1939ஆம் ஆண்டு இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாகியது. அதன் தொழிற்சங்கம் தோட்டங்களுக்குள் புகுந்தபோது துரைமாரின் கையில் இருந்த மிகப் பலமான ஆயுதம் பற்றுச்சீட்டு ஆகும். வேலையிலிருந்து நீக்கிப் பற்றுச்சீட்டைக் கையிற் கொடுத்துவிட்டால் அத்தொழிலாளி காம்பராவையும் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை அங்கு வாழ்ந்திருந்தாலும் முதலாளியின் காணியில் அத்துமீறி நிற்பவராக அவர் மாறிவிடுவார். 1946ஆம் ஆண்டு கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் சுவீகரித்து அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறப் பணித்தபோது, அவர்கள் மறுத்தமைக்காக அத்துமீறற் குற்றச்சாட்டுக்கே உள்ளாயினர். அதற்கெதிராகத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. குடியிருப்பும் தொழிலும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டிருக்கும் வரை தொழிற்சங்க உரிமை ஏட்டளவிலேயே நிற்கும் என்ற பாடத்தை அந்நிகழ்வு அக்காலத் தலைவர்களுக்குப் புகட்டியது.

மறு ஆண்டு, 1947இல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் தெரிவாயினர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். லயத்து மக்கள் தமது வாக்கினால் ஒரு கவிஞரைச் சட்டசபைக்கு அனுப்பினர். அந்த வாக்கு நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்களது பெயரை அகற்றியது. 1952ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் அச்சமூகத்திலிருந்து எவரும் தெரிவாக முடியவில்லை. தலவாக்கலையின் உறுப்பினரும் தம்மைத் தெரிவு செய்த மக்களோடு பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றார்.

1949ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தை இவ்விடத்தில் நாம் சற்று நிதானித்து நோக்க வேண்டும். அதன் பெயரே சொல்வதுபோல் அது தோட்டத் தமிழரை மட்டும் பாதித்ததன்று. இந்தியாவிலிருந்து வந்து இங்கு வணிகமும் தொழிலும் செய்து வாழ்ந்த முஸ்லிம்களையும் அது ஒரே தராசில் நிறுத்தியது. காங்கிரஸின் முன்னணித் தலைவராக விளங்கிய அப்துல் அஸீஸ் ஒரு முஸ்லிம் என்பதும், தோட்டத் தொழிலாளர் அவரைத் தமது தலைவராகவே ஏற்றனர் என்பதும் இன்றைய தலைமுறை அறிய வேண்டிய செய்தியாகும். அச்சட்டத்தின்படி பிரஜாவுரிமை கோருபவர் குறிப்பிட்ட ஆண்டுகள் இடைவிடாது இந்நாட்டில் வசித்தமையை நிரூபிக்க வேண்டும். லயத்தில் வாழ்ந்தவரிடம் வீட்டு உறுதி கிடையாது. வாடகைச் சிட்டை கிடையாது. தனி முகவரி கூடக் கிடையாது. தோட்ட நிர்வாகத்தின் பதிவேடே அவர் இங்கு வாழ்ந்ததற்குச் சாட்சி. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்ட போதிலும் பிரஜாவுரிமை கிட்டியவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. சொந்த வீடின்மை ஒரு வசதிக்குறைவு என்ற நிலையைக் கடந்து நாடின்மைக்கு இட்டுச் சென்ற விதம் இதுவாகும்.

பிரஜாவுரிமைப் பறிப்புக்கு எதிராக 1952ஆம் ஆண்டு நடைபெற்ற சத்தியாக்கிரகத்தில் சி.வி.யும் பங்கேற்றார். அதன் பின்னர் அவரது வாழ்வு தொழிற்சங்கத்தோடும் எழுத்தோடும் பிணைந்தது. வி.கே. வெள்ளையன் 1965இல் அமைத்த தொழிலாளர் தேசிய சங்கத்தில் அவர் இணைந்து பணியாற்றினார். மாவலி என்னும் சஞ்சிகையின் ஆசிரியராகவும் விளங்கினார். தேயிலைத் தோட்டம் பற்றிய அவரது ஆங்கில நெடுங்கவிதை ஐம்பதுகளில் நூலுருப் பெற்றது. சக்தீ பாலஐயா அதனைத் தமிழில் தந்தார். தேயிலையைச் செழிப்பித்தோர் நினைவுச் சின்னமேதுமின்றி அச்செடிகளின் அடியிலேயே புதையுண்டு கிடக்கும் துயரை அது பேசுகிறது. உயிரோடிருந்தபோது காணி கிடைக்கவில்லை. மரித்த பின்னர் கல்லறைக்கும் இடம் கிடைக்கவில்லை. 1970ஆம் ஆண்டு வெளிவந்த உழைக்கப் பிறந்தவர்கள் என்ற நூலில் தோட்டத்து மனிதர்களின் சித்திரங்களை அவர் தீட்டினார். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கினார். லயத்துக்கு உறுதி இல்லை. ஆயினும் அங்கு பிறந்த பாட்டுக்கு உரிமையாளர் உண்டு என்பதை அத்தொகுப்பு நிலைநாட்டியது.

அவருடைய நாவல்களுள் ஒன்றின் பெயர் வீடற்றவன். தோட்டத்தில் தொழிற்சங்கம் அமைக்க முற்பட்ட ஒரு தொழிலாளி அதன் காரணமாக வேலையையும் இருப்பிடத்தையும் ஒருங்கே இழந்து அலைவதே அதன் கதை. இந்நாவலின் பெயரில் பொதிந்துள்ள கருத்து ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. தெருவில் நிற்பவனை வீடற்றவன் என்பது உலக வழக்கு. சி.வி. காட்டும் மனிதனோ காம்பராவுக்குள் குடியிருந்த காலத்திலும் வீடற்றவனே. அவன் வெளியேற்றப்பட்ட நாளில் அவ்வுண்மை வெளிப்பட்டது, அவ்வளவே. லயம் என்பது வசதி குறைந்த ஒரு வீடு என்று நினைப்போருக்கும், லயம் என்பது வீடே அல்ல, அது தொழிலாளியைக் கட்டிவைக்கும் ஒரு நிர்வாக ஏற்பாடு என்று காண்போருக்கும் இடையிலான வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டிய எழுத்து நம்மிடம் அரிது.

இதனை விளங்கிக்கொள்ள, லயங்களைக் கட்டிய ஆங்கிலேயரின் சொந்த நாட்டையே ஒரு கணம் நோக்கலாம். 1936ஆம் ஆண்டு ஸ்கெக்னெஸ் என்ற கடற்கரை ஊரில் பில்லி பட்லின் என்பவர் விடுமுறை முகாம் ஒன்றைத் திறந்தார். சாதாரண உழைப்பாளிக் குடும்பங்கள் ஆண்டுக்கொரு வாரம் வந்து தங்குவதற்காக வரிசை வரிசையாகச் சிறு மர அறைகள் அங்கு அமைக்கப்பட்டன. குளியலறையும் மலசலகூடமும் பொதுவானவை. மேலோட்டமாகப் பார்த்தால் லயத்தின் சாயல் அதிலும் உண்டு. ஆனால் காலப்போக்கில் அவ்வறைகள் பெரிதாயின. அறைக்குள்ளேயே குளியலறை வந்தது. பின்னர் அடுக்குமாடித் தங்குமிடங்களும் ஹோட்டல்களும் எழுந்தன. ஆரம்பகால அறைகளில் ஒன்று பழம்பொருளாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. அங்கு மாற்றம் விரைந்து வந்தமைக்குக் காரணம், வந்து தங்கியவர் பணம் கொடுத்தவர். பிடிக்காவிட்டால் மறு ஆண்டு வேறிடம் செல்லக் கூடியவர். லயத்தில் இருந்தவருக்கு அத்தகைய தெரிவு இருக்கவில்லை. ஒரு வாரம் தங்குவோரின் அறை அரை நூற்றாண்டுக்குள் அருங்காட்சிப் பொருளாகியது. தலைமுறை தலைமுறையாக வாழ்வோரின் அறை இன்றும் குடியிருப்பாகவே நீடிக்கிறது.

தலவாக்கலையிலேயே இன்னொரு முரண்பாட்டையும் நாம் காணலாம். 1925ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ளது. செடிக்கு எவ்வளவு நிழல் வேண்டும், எவ்வளவு உரம் வேண்டும், எந்நோய் தாக்கும் என்பதெல்லாம் அங்கு பல தசாப்தங்களாக ஆராயப்பட்டு வருகின்றன. அதனால் நாடு பெற்ற நன்மை பெரிது. அதே அக்கறை அச்செடியைப் பறிக்கும் கரங்களின் கூரை மீதும் காட்டப்பட்டிருக்குமாயின் மலையகத்தின் வரலாறு வேறாக அமைந்திருக்கும்.

சி.வி.யின் இறுதிப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களின் உடைமை தலைகீழாக மாறியது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அவை அரசுடைமையாயின. துரைமார் போயினர், லயம் போகவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில் உணவுப் பஞ்சம் தோட்டங்களைப் பிடித்தாட்டியது. சீர்திருத்தத்தின் பயனாகக் கிராமத்தவருக்குக் காணி பகிரப்பட்டபோது, அக்காணியில் உழைத்தவர்கள் அப்பங்கீட்டில் சேர்த்துக் கொள்ளப்படவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணி வெளியாருக்குப் பகிரப்பட இருந்ததை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1977ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி, தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அப்பங்கீடு கைவிடப்பட்டது. இன்று தலவாக்கலையைச் சூழ்ந்துள்ள தேயிலை மலைகளில் மலையக மக்கள் தொடர்ந்து வாழ்கின்றார்கள் என்றால் அவ்வுயிர்த்தியாகத்துக்கும் அதில் பங்குண்டு.

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. லயங்களை இழந்த பல குடும்பங்கள் வவுனியாப் பகுதிக்குச் சென்று குடியேறின. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரின் இரயில் வண்டிகளும் அதற்கு முன்னரே மலைநாட்டிலிருந்து புறப்பட்டுக் கொண்டிருந்தன. இவையனைத்தையும் கண்ட கண்களோடுதான் சி.வி. 1984ஆம் ஆண்டு மறைந்தார். தம்மை 1947இல் தெரிவு செய்த மக்களுள் பலர் அப்போதும் நாடற்றவராகவே இருந்தனர். எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே வந்தது.

அவர் மறைந்த பின்னர் வீடமைப்பில் மாற்றமே நிகழவில்லை எனக் கூறுவது நியாயமாகாது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டதோடு வீடமைப்புக்கெனத் தனி நிதியம் ஏற்பட்டது. ஏழு பேர்ச்சஸ் காணியில் கடனுதவியுடன் வீடு கட்டும் திட்டங்கள் தொடங்கின. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் புதிய வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. 2015ஆம் ஆண்டு மலைநாட்டு புதிய கிராமங்களுக்கென அமைச்சு உருவாகியது. இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகளுக்கான திட்டம் செயற்படுத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 120 சதுர அடிக் காம்பராவிலிருந்து 550 சதுர அடித் தனிவீட்டுக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. 2018ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளின் வீதிக்கும் தண்ணீருக்கும் உள்ளூராட்சி நிதியைச் செலவிடுவதற்குச் சட்டமே தடையாக நின்றது என்பதையும் மறந்துவிடலாகாது.

ஆயினும் இரண்டு அபாயங்களை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மண்சரிவுகள் மலையகத்தைப் பேரழிவுக்குள்ளாக்கின. ஆபத்தான சரிவு என எச்சரிக்கப்பட்ட இடத்தை விட்டுச் செல்ல, செல்வதற்கு வேறோர் இடம் வேண்டும். தன் பெயரில் ஓரடிக் காணியும் இல்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் விடுப்பது போதிய பாதுகாப்பாகாது.

இரண்டாவது அபாயம் சி.வி. எழுப்பிய கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. வீடு கட்டிக் கொடுக்கப்படுகிறது. திறப்பு விழாவும் நடைபெறுகிறது. சட்டப்படி செல்லுபடியாகும் காணி உறுதி மட்டும் பிற்போடப்படுகிறது. காணி அரசுக்குரியது, கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது, அதை விடுவிக்கப் பல திணைக்களங்களின் இணக்கம் வேண்டும் எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் போரினால் வீட்டை இழந்த தமிழரும், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் காணி உறுதியின் பெறுமதியை நன்கறிவர். வீடு இடிந்தாலும், பிறர் அதில் குடியேறினாலும், இது என்னுடையது என்று நீதிமன்றத்திலும் கச்சேரியிலும் கூறுவதற்கு அந்த ஓர் ஆவணமே துணை நின்றது. லயத்தை இழந்தவருக்கு அவ்வாறு கூறுவதற்கு எதுவும் இருக்கவில்லை. இவ்விடயத்தில் மலையக மக்களின் கோரிக்கையை ஏனைய சமூகங்கள் தமது கோரிக்கையாகவே கருதிக் குரல் கொடுக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு மலையக மக்களின் வருகையின் இருநூறாண்டு நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையரின் தடம்பற்றி நடந்தார்கள். அந்நடையின் கோரிக்கைகளுள் காணியுரிமையும் வீட்டுரிமையும் முன்னின்றன. சி.வி. வேலுப்பிள்ளைக்கு எழுப்பக்கூடிய நினைவுச் சின்னம் எதுவென எம்மிடம் வினவினால், சிலையையோ மண்டபத்தையோ நாம் முதலிற் கூறமாட்டோம். தலவாக்கலையில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு தாயின் பெயரில் எழுதப்பட்ட காணி உறுதி, அவர் பேரப்பிள்ளைகள் தோட்டத்தில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் எவராலும் பறிக்க முடியாத உறுதி, அதுவே அவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னமாகும். வீடமைப்புக் கணக்கை இனிக் கட்டி முடித்த சுவர்களைக் கொண்டு மட்டுமன்றி, பதிவு செய்யப்பட்ட உறுதிகளைக் கொண்டும் அரசாங்கம் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். தலவாக்கலையின் முதல் உறுப்பினர் விட்டுச் சென்ற கேள்விக்கு அளிக்கத்தக்க விடை அதுவேயாகும்.